உறுதியா, பெர்மிட்டா? வீடியோ கேம் வாங்குகிறவர் கையில் மிஞ்சுவது எது?

கடந்த வருடம் கனடாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. அண்ணா இறந்து எட்டு மாதங்களின் பின்னர் அண்ணி அனுப்பியிருந்தார். இரண்டு குளிர்ச்சட்டைகள், அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை, ஒரு பழைய பிளேஸ்டேஷன் 3, அதில் போட்டு விளையாடும் 23 இறுவட்டுகள். "இவருக்கு கேம் எண்டால் உயிர். இங்க மகனுக்கு இந்தப் பழைய மெஷின் தேவையில்லை. அங்க பிள்ளையள் விளையாடட்டும்" என்று தொலைபேசியில் சொன்னார்.

அண்ணாவின் அந்த ஆசை எங்கிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டி அவரிடம் இருந்தது. மேலிருந்து கட்டைகள் விழும். நாங்கள் அடுக்க வேண்டும். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். பற்றரி தீர்ந்த பிறகும் அண்ணா அந்தப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அதையும் விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம்.

தங்கச்சியின் மகன் பெட்டியைப் பிரித்து, கனடாவின் 120 வோல்ற் மெஷினுக்கு எங்கள் 230 வோல்ற் மின்சாரம் ஒத்துவருமோ என்று பயந்து, ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கி வந்து பொருத்தினான். முதல் இறுவட்டைப் போட்டதும் கேம் ஓடியது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆனால், அண்ணா கடைசிப் பத்து வருடங்களில் வாங்கிய கேம்கள் இறுவட்டில் இல்லை. கணினியில், ஓர் இணையக் கடையின் கணக்கில் இருந்தன. நூறுக்கும் மேல் என்று அண்ணி சொன்னார். அண்ணாவின் மகனுக்குக் கடவுச்சொல் தெரியும். ஆனால் புதிய கணினியில் திறந்தால் இரகசிய எண் ஒன்று அண்ணாவின் தொலைபேசிக்குப் போகும். அந்த இலக்கத்தை அவர் இறந்த மறுமாதமே நிறுத்திவிட்டார்கள். மரணச் சான்றிதழை இணைத்து நிறுவனத்துக்கு எழுதினான். கணக்கு தனிநபருக்குரியது, இன்னொருவருக்கு மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

இரண்டையும் ஒரே மனிதர்தான், உழைத்த காசைக் கொடுத்து வாங்கினார். ஒன்று கடல் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. மற்றது அவரோடு போய்விட்டது. ஏன் என்று தேடிப் படித்ததில் விளங்கியவற்றை இங்கே எழுதுகிறேன். கேம் விளையாடாதவர்களும் படிக்கலாம். கைத்தொலைபேசியில் வாங்கும் பாட்டு, படம், மின்னூல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எங்களுக்குத் தெரிந்த வித்தியாசம்

வடக்கு கிழக்கில் காணி பற்றிக் கதைக்கும் எவருக்கும் உறுதிக் காணிக்கும் பெர்மிட் காணிக்கும் உள்ள வேறுபாடு தெரியும். உறுதிக் காணியை விற்கலாம், சீதனம் கொடுக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கிடைத்த காணியில் வீடு கட்டலாம், தோட்டம் செய்யலாம். ஆனால் விற்க முடியாது. நிபந்தனையை மீறினால் பெர்மிட் இரத்தாகலாம். இருபது வருடம் அதில் கிணறு வெட்டித் தென்னை வைத்தவருக்கும் காணி சொந்தமில்லை. இருக்க அனுமதி மட்டுமே உண்டு.

இறுவட்டில் வாங்கிய கேம் உறுதிக் காணி மாதிரி. இணையத்தில் வாங்கிய கேம் பெர்மிட் காணி மாதிரி. சொல்லப்போனால் பெர்மிட்டை விடவும் பலவீனமானது. பெர்மிட் காணிக்காவது பின்னுரிமையாளர் ஒருவரை நியமிக்கலாம். கேம் கணக்குக்கு அதுவும் இல்லை. "வாங்கு" என்று எழுதிய பொத்தானை நாங்கள் அழுத்தும்போது உண்மையில் ஓர் அனுமதிப்பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறோம். நிபந்தனைகள் பல பக்கங்களுக்கு இருக்கும். வாசிப்பவர்கள் குறைவு.

வாங்கியதை விற்கும் உரிமை

பாவித்த பொருளை விற்பது எங்களுக்கு இயல்பான விடயம். பாவித்த சைக்கிளை விற்க சைக்கிள் கொம்பனியிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் புத்தகம், பாட்டு, கேம் போன்ற பதிப்புரிமை உள்ள பொருட்களில் இந்த உரிமையை நீதிமன்றம் சென்றுதான் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலின் உள்ளே, இதை ஒரு டொலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சிட்டது. மேசிஸ் என்ற பெருங்கடை அதை 89 சதத்துக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1908இல் தீர்ப்பு வந்தது: ஒரு பிரதியை முதல் தடவை விற்றதோடு, அந்தப் பிரதியின் அடுத்த விற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பகத்துக்கு முடிந்துவிட்டது. அந்தப் பிரதியைப் படியெடுத்து விற்க முடியாது. ஆனால் அந்தப் பிரதியையே விற்கலாம், கொடுக்கலாம், இரவல் விடலாம். பழைய புத்தகக் கடையும் பாவித்த கேம் கடையும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கின்றன.

ஜப்பானில் கேம் நிறுவனங்கள், கேமும் திரைப்படம் போன்றதுதான், ஆகவே பாவித்த கேமை விற்கத் தங்கள் அனுமதி வேண்டும் என்று வாதாடின. 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. பாவித்த கேம் விற்பனை சட்டபூர்வமானது என்று முடிந்தது.

விலை: டொலரில் ஒரு கதை, ரூபாவில் இன்னொரு கதை

அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் புதிய கேம் ஒன்றின் விலை 2005 அளவில் 59.99 டொலராக ஏறியது. ஏறத்தாழ 15 வருடங்கள் அப்படியே நின்றது. 2020இல் புதிய மெஷின்கள் வந்தபோது 69.99 ஆனது. 2025இல் நின்டென்டோ தன் "மரியோ கார்ட் வேர்ல்ட்" கேமை 79.99 டொலருக்கு விற்றது. செலவு கூடிவிட்டது, நூற்றுக்கணக்கானவர்கள் பல வருடங்கள் வேலை செய்தே ஒரு கேம் வருகிறது என்பது நிறுவனங்களின் நியாயம். அது பொய்யல்ல.

ஆனால் இலங்கையில் அந்த விலைக்கு வேறு கணக்கு. 2005இல் ஒரு டொலர் சுமார் 100 ரூபா. 60 டொலர் கேம் 6,000 ரூபா. 2020இல் டொலர் சுமார் 185 ரூபா. 70 டொலர் கேம் ஏறத்தாழ 13,000 ரூபா. 2022 நெருக்கடியில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே கேம் 25,000 ரூபாவைத் தாண்டியது. அங்கே 15 வருடம் அசையாத விலை இங்கே அசைந்துகொண்டே இருந்தது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் எங்களைப் போன்ற தெற்காசிய நாடுகளுக்கெனத் தனி டொலர் விலைப்பட்டியல் உண்டு. பல கேம்கள் அதில் மலிவு. ஆனால் அந்தச் சலுகையைக் கொடுப்பதா இல்லையா என்பது கேமை வெளியிடும் நிறுவனத்தின் விருப்பம்.

இந்த இடத்தில்தான் பாவித்த கேமின் அருமை தெரிகிறது. புதிய இறுவட்டை 60 டொலருக்கு வாங்கியவர் விளையாடி முடித்து 30க்குக் கொடுத்தால், அவருக்கு உண்மையான செலவு 30தான். இரண்டாமவர் பாதி விலையில் விளையாடுகிறார். அவரும் பிறகு 20க்குக் கொடுக்கலாம். கையில் காசு குறைந்தவனும் கொஞ்சம் பொறுத்தால் அதே கேமை விளையாடலாம். யாழ்ப்பாணத்தில் கேம் இறுவட்டுகளை மாற்றிக்கொள்ளும் பெடியள் இதைத்தான் செய்கிறார்கள்.

இணையக் கடையில் இந்த இரண்டாவது மனிதருக்கு இடமே இல்லை. பெட்டி இல்லை, கப்பல் செலவு இல்லை. ஆனாலும் புதிய கேமின் விலை பெரும்பாலும் இறுவட்டின் விலையேதான். பெரிய கழிவு விற்பனைகள் வரும் என்பது உண்மை. சில வருடம் பழைய கேம்கள் கால் விலைக்கும் கிடைக்கும. ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை விற்பவர் மட்டுமே தீர்மானிக்கிறார். பாவித்த பொருட்சந்தை இருந்தால் வாங்கியவர்களும் அந்த விலையைத் தீர்மானிப்பார்கள்.

நிறுவனங்கள் எடுத்த வழிகள்

பாவித்த கேம் எத்தனை கை மாறினாலும் அதைச் செய்த நிறுவனத்துக்குச் சதமும் போவதில்லை. அந்தக் கோபம் பழையது. 2010இல் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் புதிய இறுவட்டோடு ஓர் இரகசிய எண்ணை வைத்தது. அந்த எண்ணை ஒருவர்தான் பாவிக்கலாம். பாவித்த இறுவட்டை வாங்கியவர் இணையத்தில் சேர்ந்து விளையாட மேலும் 10 டொலர் கட்ட வேண்டும். எதிர்ப்புக் கூடியதால் 2013இல் அதைக் கைவிட்டார்கள்.

அதே 2013இல் மைக்ரோசொப்ட் தனது எக்ஸ்பொக்ஸ் வன் மெஷினை அறிவித்தது. 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது அது இணையத்தில் இணைய வேண்டும். இறுவட்டை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். போட்டி நிறுவனமான சோனி, எங்கள் கேமை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி என்று சில வினாடிக் காணொளி ஒன்றை வெளியிட்டது. ஒருவர் இறுவட்டை நீட்டுகிறார், மற்றவர் வாங்குகிறார். அவ்வளவுதான். ஜூன் 19ஆம் திகதி மைக்ரோசொப்ட் பின்வாங்கியது.

வாங்குபவர்கள் வென்றார்கள் என்று அன்று எழுதினார்கள். ஆனால் தடை போட்டு முடியாததை வசதி செய்து காட்டியது. வீட்டிலிருந்தே வாங்கலாம், இறுவட்டு தேயாது, தொலையாது. 2020இல் சோனியே இறுவட்டுப் போடும் இடம் இல்லாத பிளேஸ்டேஷன் 5 ஒன்றை விற்றது. 2024இல் வந்த அதன் விலை கூடிய மெஷினிலும் அந்த இடம் இல்லை. வேண்டுமானால் தனியே வாங்கிப் பூட்ட வேண்டும்.

அனுமதி திரும்பிப் போகும்போது

அனுமதி என்றால் திரும்ப எடுக்கலாம். 2009 ஜூலையில் அமேசன், கிண்டில் கருவிகளில் வாங்கப்பட்டிருந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களுக்குச் சொல்லாமலே அழித்தது. விற்றவருக்கு அந்தப் பதிப்பை விற்கும் உரிமை இருக்கவில்லை என்பது காரணம். காசு திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வீட்டு அலுமாரிக்குள் கை வைக்க முடியும் என்பது அன்று வெளியே தெரிந்துவிட்டது. அந்த நாவல்களில் ஒன்று "1984".

யூபிசொப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட "தி க்ரூ" என்ற கார் ஓட்டும் கேமைத் தனியாக விளையாடவும் அந்நிறுவனத்தின் சேர்வரோடு இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31இல் சேர்வரை நிறுத்தினார்கள். கடையில் இறுவட்டாக வாங்கியவர் கையிலும் வெறும் வட்டமே மிஞ்சியது. இறுவட்டு இருந்தாலே உறுதி இருக்கிறது என்று நம்ப முடியாது என்பதற்கு இது சாட்சி. 2025இல் நின்டென்டோ கொண்டுவந்த ஒருவகை அட்டையிலும் கேம் இல்லை. இணையத்திலிருந்து இறக்குவதற்கான திறப்பு மட்டுமே உள்ளது. அதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம். ஆனால் இறக்கும் சேர்வர் உள்ளவரைதான் அதற்குப் பெறுமதி.

கடைகளும் மூடப்படுகின்றன. நின்டென்டோ தனது இரண்டு பழைய மெஷின்களின் இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. எக்ஸ்பொக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. முன்பே வாங்கியவர்களுக்குத் திரும்ப இறக்கும் வசதி விடப்பட்டது. ஆனால் இணையத்தில் மட்டும் வெளியான கேம்களைப் புதிதாக ஒருவர் வாங்க வழியில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கண்டறிந்தது. ஒரு நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு இதன் பாரத்தை விளக்கத் தேவையில்லை. பிரதிகள் பலர் கையில் பரந்திருந்தால் ஒன்றாவது தப்பும்.

நீதிமன்றங்கள் சொன்னவை

இணையத்தில் வாங்கியதை விற்கலாமா? 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம், காலவரையறையின்றி விற்கப்பட்ட மென்பொருளை, இறக்கி எடுத்ததாக இருந்தாலும், இரண்டாமவருக்கு விற்கலாம் என்றது. இதை வைத்துப் பிரான்ஸின் நுகர்வோர் சங்கமொன்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: கேம் வெறும் மென்பொருள் அல்ல, இசை, படம், கதை எல்லாம் சேர்ந்த படைப்பு, ஆகவே அந்தத் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது. அமெரிக்காவிலும், வாங்கிய எண்மப் பாடல்களை மறுபடி விற்க ஓர் இணையத்தளம் எடுத்த முயற்சியை 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. ஒரு கோப்பை அனுப்புவது என்றால் புதிய பிரதி ஒன்றை உண்டாக்குவதுதான், அது படியெடுத்தல் என்பது காரணம்.

உரிமை கிடைக்காவிட்டாலும் உண்மையையாவது சொல்ல வேண்டும் என்ற சட்டம் வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், எண்மப் பொருளுக்கு "வாங்கு" என்று போடும் கடை, இது அனுமதி மட்டுமே என்று தெளிவாக அறிவிக்க வேண்டும். ஸ்டீம் 2024 ஒக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. "தி க்ரூ" மூடப்பட்டதைத் தொடர்ந்து தொடங்கிய இயக்கம், சேர்வரை நிறுத்தினாலும் விற்ற கேமை விளையாடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கேட்கிறது. அவர்களின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

பட்டியலில் இல்லாத நாடு

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 மே மாதத்தில் "ஹெல்டைவர்ஸ் 2" என்ற கேமைக் கணினியில் விளையாடவும் சோனியின் கணக்கு வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கைத் திறக்கவே முடியாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆள்புலங்களிலும் அதன் விற்பனை நின்றது. எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் சோனி அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டது. ஆனால் சேவை கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால், எங்கள் பிள்ளைகள் பலர் வேறு நாட்டு முகவரியில் கணக்குத் திறந்து, கடையில் அட்டை வாங்கிக் காசு போட்டு விளையாடுகிறார்கள். முகவரி பொய்யானால் நிபந்தனை மீறப்பட்டதாகும். கணக்கை மூடினால் முறையிட இடமில்லை. பதிவில்லாத காணியில் கல்வீடு கட்டுகிற மாதிரித்தான்.

செய்யக்கூடியவை

சிலவற்றை நானே செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

மெஷின் வாங்குவதானால் இறுவட்டுப் போடும் இடம் உள்ளதை வாங்குங்கள். முதலில் விலை கூடினாலும், பாவித்த இறுவட்டை வாங்கவும் விற்கவும் முடிவதால் அந்தக் காசு திரும்பும்.

இறுவட்டு வாங்கும்போது உறையில் "இணைய இணைப்பு அவசியம்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அது பெர்மிட்டுத்தான்.

கணினியில் விளையாடுபவர்கள் ஜிஓஜி போன்ற, பூட்டு இல்லாமல் விற்கும் கடைகளைப் பாருங்கள். அங்கே கேமின் நிறுவற் கோப்பை இறக்கி வேறு இடத்தில் சேமித்து வைக்கலாம். அதை விற்க முடியாது. ஆனால் கடை மூடினாலும் கோப்பு உங்களிடம் இருக்கும்.

ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்காவிட்டால், 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம்.

கணக்கின் மின்னஞ்சல், கடவுச்சொல், அவசரத்துக்குத் தரும் மாற்று எண்கள் ஆகியவற்றைக் கடதாசியில் எழுதி, வீட்டில் ஒருவருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். கேமுக்கு மட்டுமல்ல, படங்கள் கிடக்கும் கணக்குகளுக்கும் இது பொருந்தும். உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த ஆட்கள் நாங்கள். இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல.

அண்ணாவின் 23 இறுவட்டுகளில் நான்கைத் தங்கச்சியின் மகன் போன மாதம் நண்பன் ஒருவனிடம் கொடுத்து, வேறு மூன்றை வாங்கி வந்தான். கொடுக்கலாமா என்று முதலில் என்னிடம் கேட்டான். "பெரியமாமா ஒண்டும் சொல்லமாட்டார், குடு" என்றேன். மிச்சத்தை அடுக்கும்போது ஓர் உறையில் பழைய விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. பாவித்தது, 14.99 டொலர் என்று அச்சிட்டிருந்தார்கள். அண்ணாவும் அதை வேறு யாரோ விளையாடி முடித்த பிறகுதான் வாங்கியிருக்கிறார். அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அவன் தனியே எடுத்து வைத்திருக்கிறான்.